எட்டாவது மாடிக்குக் குடிவந்தாச்சு, எட்டிப் பார்க்க முடியவில்லை: உயரப் பயத்தை எப்படி எதிர்கொள்வது?

எட்டாவது_மாடி_அக்கா:

புளியந்தோப்புப் பக்கம் தரையோடு இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வாசற்படிதான் எனக்குத் தெரிந்த உயரம். இப்போது அடுக்குமாடியில் எட்டாவது மாடி கிடைத்திருக்கிறது. வீடு நல்ல வீடு. காற்று வருகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் லிஃப்டை விட்டு இறங்கி என் வீட்டுக் கதவுக்குப் போகும் அந்த வராந்தாவில் ஒரு பக்கம் இடுப்புயரச் சுவர்தான். அங்கே வந்ததும் உள்ளங்கால் கூசும், நாக்கு வறண்டுவிடும், சுவர் வெளிப்பக்கமாகச் சாய்வதுபோல் தோன்றும். எதிர்ப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போகிறேன். பால்கனியில் துணி காயப்போடுவது என் பெரிய மகள்தான்.

இன்னொன்றை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சுவரோரம் வந்தால் "நான் குதித்துவிடுவேனோ" என்று ஒரு நினைப்பு வருகிறது. எனக்கு வாழப் பிடிக்காமல் இல்லை. பிள்ளைகளை விட்டு நான் எங்கே போவேன்? அப்படியிருக்க ஏன் இந்த நினைப்பு வருகிறது என்பதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது.

மாமியார் திருஷ்டி என்கிறார், கயிறு கட்டிவிட்டார். வீட்டுக்காரர் "தைரியமா இரு" என்கிறார். இரண்டுக்கும் கோபப்படவில்லை, ஆனால் இரண்டும் போதவில்லை. இதற்கு வழி இருக்கிறதா?

ராயபுரம்_ரயில்:

சகோதரி, இது மனசு சம்பந்தப்பட்டது. ஒரு நாள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். அழுகை வந்தாலும் நில்லுங்கள். ஒருமுறை உச்சியைப் பார்த்துவிட்டால் எட்டாவது மாடியெல்லாம் சாதாரணமாகிவிடும். என் நண்பன் ஒருவனுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

புறநோயாளி_சீட்டு:

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ராயபுரம் அண்ணா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் இந்த யோசனையை நான் முழுசாக எதிர்க்கிறேன். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகப் பயம் வரும். அடுத்தவர் இழுத்துப் போய் நிறுத்தினால் ஓடத்தான் தோன்றும்.

அக்கா, முதலில் அந்த நினைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012இல் கல்லூரி மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். சாகவேண்டும் என்று ஒருநாளும் நினைக்காதவர்களிலும் பலருக்கு உயரத்தில் நிற்கும்போது "குதித்துவிடுவேனோ" என்று தோன்றியிருந்தது. அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான்: ஓரத்துக்கு வந்ததும் உயிர் காக்கும் உள்ளுணர்வு உங்களைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கிறது. மனசு அதற்குப் பிறகுதான் காரணம் தேடுகிறது. "சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது, யாரும் தள்ளவில்லை, பிறகு ஏன் பின்வாங்கினேன்? நானே குதிக்கப் பார்த்தேனோ?" என்று தப்பாகப் புரிந்துகொள்கிறது. நீங்கள் பிழைக்க விரும்புவதால்தான் அந்த நினைப்பே வருகிறது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, உயரத்தில் இல்லாதபோதும் வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றினால், அது வேறு விஷயம். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அடுத்து, சுவர் சாய்வதுபோல் தோன்றுவது. நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் தசைகளும் தரும் உணர்வு என்று மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. நிற்கும்போது நம் உடம்பு எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். தரையில் நிற்கும்போது எதிரே இருக்கும் கதவு, கம்பம், ஆள் எல்லாம் அந்த ஆட்டத்துக்கு ஏற்பக் கண்ணில் நகர்வதால் மூளை உடனே சரிசெய்துவிடும். உயரத்தில் நின்று வெளியே பார்க்கும்போது கண்ணுக்கு எதிரே பக்கத்தில் எதுவும் இல்லை. எல்லாம் தூரத்தில் இருப்பதால், உடம்பு ஆடினாலும் கண்ணில் எதுவும் நகராது. மூளைக்குத் தகவல் கிடைக்காததால் ஆட்டம் கூடுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட்டும் உடனிருந்தவர்களும் 1980இல் இதை விளக்கினார்கள். ஆகவே உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் எல்லோருக்குமே நிலை கொஞ்சம் தளரத்தான் செய்கிறது. சிலருக்கு அதற்கான எச்சரிக்கை மணி ரொம்பச் சத்தமாக அடிக்கிறது, அவ்வளவுதான்.

இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பார்வையைப் பக்கத்தில் அசையாமல் இருக்கும் ஒன்றில் வையுங்கள். சுவரின் மேல்விளிம்பு போதும். நிற்க முடியாவிட்டால் உட்காருங்கள், ஆட்டம் குறையும்.

மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பலர் கேட்பார்கள். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். உயரப் பயத்தில் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயங்குவது அபூர்வம்.

எட்டாவது_மாடி_அக்கா:

தங்கச்சி, அந்த நினைப்பைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரரிடமும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "இதை ஏன் என்கிட்ட சொல்லல" என்று மட்டும் கேட்டார். நன்றி.

சாரம்_கட்றவன்:

அக்கா, நம்ம தொழிலு சாரம் கட்றது. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிங்கள்ல டேங்கு, பைப் லைன், எல்லாத்துக்கும் சாரம் கட்டி பெயிண்ட் அடிக்கிறது வரிக்கும் பாத்துக்கினு கீறேன். ஒண்ணு சொல்றேன். எங்களுக்கும் பயம் கீது. பயமே இல்லன்னு சொல்லிக்கினு வர்ற பையனத்தான் நாங்க மேல ஏத்த மாட்டோம். அவன் பெல்ட்டு ஹூக்க மாட்ட மாட்டான்.

மேல ஏறதுக்கு முன்னாடி ஹைட் பாஸ்னு ஒண்ணு குடுப்பாங்க. பிபி பாப்பாங்க, தல சுத்து, வலிப்பு கீதான்னு கேப்பாங்க, தரைக்குக் கொஞ்சம் மேல போட்ட பீம்ல நடக்க வெச்சுப் பாப்பாங்க. அது பாஸானாத்தான் வேலை. அப்பவும் புதுப் பையன நேரா உச்சிக்கு அனுப்ப மாட்டோம். மொதல்ல கீழ நின்னு கிளாம்ப்பு, பைப்பு எடுத்துக் குடுப்பான். அப்பால ஆளுயரத்துல பலகை மேல நிப்பான். அங்க அவன் கை நடுங்காம ஸ்பேனர் புடிக்கிறானான்னு பாத்துட்டுத்தான் அடுத்த தட்டு. சில பசங்களுக்கு ரெண்டு வாரம் ஆவும், சிலருக்கு மாசக்கணக்கு. யாரும் கேலி பண்ணக்கூடாது, பண்ணா நானே திட்டுவேன்.

ஏறும்போது ரெண்டு கை ஒரு காலு, இல்ல ரெண்டு காலு ஒரு கை, எப்பவும் மூணு எடம் புடிச்சுக்கினே இருக்கணும். கண்ணு கை மேல இருக்கணும், தரை மேல இல்ல. பெல்ட்டுல ரெண்டு ஹூக்கு இருக்கும், ஒண்ண மாட்டுன பின்னாடிதான் இன்னொண்ண கழட்டணும். சோதிச்சுப் பாத்தாச்சு, ஏறலாம்னு மாட்டுற பச்சை டேக் சாரத்துல தொங்கலன்னா ஏறவே கூடாது. காத்து அடிச்சா எறங்கிடணும். வெறும் வயித்தோட ஏறக்கூடாது, குடிச்சிட்டு வந்தவன கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவோம்.

நீ இன்னா பண்ணு, மொதல்ல அந்த வராந்தா சுவத்த டேப்பு வெச்சு அள. தேசியக் கட்டட விதித்தொகுப்புல ஒரு மீட்டருக்குக் கொறயக்கூடாதுன்னு கீது. கையால தட்டிப் பாரு, அழுத்திப் பாரு, விரிசல் கீதான்னு பாரு. சரியா இருந்தா அந்தச் சுவத்த நம்பு. நாங்க ஏறதுக்கு முன்னாடி தெனம் பண்றது இதத்தான். சாரத்த சோதிச்சுப் பாத்தாத்தான் எங்களுக்குத் தைரியமே வரும்.

தேரடி_வாத்தியார்:

திருவொற்றியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர். சாரம் தம்பி எழுதியதைப் பாடப்புத்தகத்திலேயே போடலாம்.

ராயபுரம் நண்பருக்கு ஒரு செய்தி. ஜெர்மன் கவிஞர் கதே இளம் வயதில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படித்தபோது அவருக்கும் இந்தப் பயம் இருந்தது. அங்கிருக்கும் தேவாலயக் கோபுரம் 142 மீட்டர். அதன் உச்சியில் பிடிமானமே இல்லாத ஒரு சின்ன மேடையில் போய் நின்று பயத்தைப் போக்கிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

ராயபுரம்_ரயில்:

வாத்தியாரய்யா, நீங்களே சொல்லிவிட்டீர்களே! கதேயும் உச்சிக்குத்தானே நேராகப் போனார்? நானும் அதைத்தான் சொன்னேன்.

தேரடி_வாத்தியார்:

போனார். யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை, தானே போனார். பயமும் பதற்றமும் தணியும்வரை திரும்பத் திரும்பப் போனார். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திரும்பத் திரும்பதான். பிடிமானம் இல்லாத இடத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இது பிறவிக்குணமா என்று என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேசையின் பாதி பலகை, மீதிப் பாதியில் வெறும் கண்ணாடி, கீழே பள்ளம் தெரியும். தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை, அம்மா எதிர்ப்பக்கத்தில் நின்று கூப்பிட்டும் கண்ணாடிமேல் போக மறுத்தன. பிற்பாடு வந்த ஆய்வுகள், இந்த எச்சரிக்கை தவழ்ந்து பழகிய அனுபவத்தோடு சேர்ந்து வளர்வதைக் காட்டின. ஆக, உடம்பு நடமாடி நடமாடித்தான் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. தரை வீட்டில் முப்பது வருஷத்துக்குமேல் நடமாடியவருக்கு எட்டாவது மாடி புதுப்பாடம். அதைப் படிக்க நேரம் கொடுக்க வேண்டாமா?

மின்ட்_மருந்துக்கடை:

நான் மருந்தாளுநர். இங்கே யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். "தலை சுத்துது, மாத்திரை குடுங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் அதிகம். படுக்கையில் புரண்டு படுக்கும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே ஒரு நிமிஷத்துக்குள் சுழன்று நின்றால் அது பெரும்பாலும் உள்காதுத் துகள் நகர்ந்ததால் வருவது. தரையிலும் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையை ஒரு குறிப்பிட்ட முறையில் திருப்பிச் சரிசெய்வார். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கலாம். திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ உடனே 108.

உயரத்தில் மட்டும் வருகிற பயத்துக்கு உள்காது மாத்திரை வேலை செய்யாது. பதற்றத்தைக் குறைக்கும் தூக்க மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். பழகும் ஆபத்து ஒரு பக்கம். மாத்திரை போட்டுக்கொண்டு மாடிக்குப் போனால், "என்னால் நிற்க முடிகிறது" என்பதை உடம்பு கற்றுக்கொள்ளாமலே போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

காசிமேட்டு_அலை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாரும் எல்லாப் பயத்தையும் ஜெயித்தே ஆகவேண்டுமா? கீழ்த்தளத்தில் இருப்பவர் யாராவது வீடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால், முறைப்படி கேட்டுப் பார்க்கலாமே. பயத்தோடு மல்லுக்கட்டிக் கஷ்டப்படுவதைவிட அது நிம்மதி.

புறநோயாளி_சீட்டு:

வீடு மாறுவது தப்பில்லை. ஆனால் பயத்துக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் அது ஒரு இடத்தில் நிற்பதில்லை. இன்றைக்கு பால்கனி, நாளைக்கு மேம்பாலம், அப்புறம் மெட்ரோ. வாழ்க்கையைச் சுருக்காத பயத்தை அப்படியே விட்டுவிடலாம். ஆறு மாதத்துக்குமேல் நீடித்து அன்றாட வேலையைத் தடுத்தால்தான் நாங்கள் சிகிச்சை என்று பேசவே ஆரம்பிப்போம்.

எட்டாவது_மாடி_அக்கா:

மெட்ரோவும் எனக்குத் தடைதான். தண்டையார்பேட்டை வரை சுரங்கத்தில் நிம்மதியாகப் போவேன். புது வண்ணாரப்பேட்டைக்கு ரயில் மேலே ஏறுகிறது என்று தெரிந்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். அதனால் வடிவுடையம்மன் கோவிலுக்குக்கூட பஸ்ஸில்தான் போகிறேன்.

காசிமேட்டு_அலை:

அக்கா, நீங்கள் இதைச் சொன்னதும் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது. கொருக்குப்பேட்டையில் இருக்கிறார். ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளுக்கு நடுவே சந்து வழியாகக் கீழே தெரியும். அந்தச் சந்தைப் பார்த்தால் அவருக்குக் கால் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிடும். அதனால் தண்டவாளத்தில் இறங்கித்தான் கடக்கிறார். நான் சோம்பல் என்று நினைத்துப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகு நேற்று உட்கார்ந்து கேட்டேன். "மேல ஏறினா செத்துருவேன்னு தோணுதுடா" என்றார். சாவுக்குப் பயந்து ரயில் வரும் பாதையில் நடக்கிறார்!

மேலே நான் எழுதிய கருத்து அத்தைக்குப் பொருந்தாது. அவருக்கு மாற்று வழி என்பது தண்டவாளம்தான்.

சாரம்_கட்றவன்:

அண்ணா, அத மொதல்ல நிறுத்து. தண்டவாளம் தாண்டுனா ரயில்வே சட்டம் 147ல கேசு போடுவாங்க, ஆறு மாசம் வரிக்கும் உள்ள வெக்கலாம், இல்ல ஆயிரம் ரூபா வரிக்கும் அபராதம். சட்டத்த விடு, எதிர் லைன்ல வர்ற வண்டி சத்தமே கேக்காது.

புறநோயாளி_சீட்டு:

அக்காவுக்கும் அத்தைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1958இல் எழுதிய முறையின் வழியில் வந்ததுதான் இன்றைக்கும் நாங்கள் செய்வது. பயப்படும் இடங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று எழுதுங்கள். மூன்று நான்கு மதிப்பெண் உள்ள இடத்தில் தொடங்குங்கள்.

அக்கா, உங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடி வராந்தா இருக்கிறதே. அங்கே சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். பயம் ஏறும், ஏறட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வையுங்கள். பயம் பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருங்கள். அரைமணி ஆகலாம், முக்கால் மணி ஆகலாம். இறங்கிய பிறகே கிளம்புங்கள். இதுதான் முழுச் சிகிச்சையின் உயிர். பிறகு சுவரில் கை வையுங்கள். பிறகு கீழே பாருங்கள். அது சலிப்பாகிப் போன பிறகு நான்காவது மாடி.

மெட்ரோவுக்கு, தண்டையார்பேட்டையில் ஏறிப் புது வண்ணாரப்பேட்டையில் இறங்குவது மட்டும் ஒரு பாடம். முதலில் நடுவில் நின்று, கண்ணைத் திறந்து வைத்து. அப்புறம் சன்னலோரம். அப்புறம் தேரடி வரை. மகளின் கையைப் பிடித்துக்கொள்வதும் போனில் கண்ணைப் புதைப்பதும் முதல் சில தடவைக்குச் சரி. பிறகு அவற்றையும் ஒவ்வொன்றாக விடவேண்டும். இல்லாவிட்டால் பெருமை மகள் கைக்குப் போய்விடும்.

தனியாக முடியாவிட்டால் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள். உளவியலாளர் கூடவே ஏறி வருவார்.

வியாசர்பாடி_கோல்கீப்பர்:

கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவி வைத்தும் இதைச் செய்கிறார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் 100 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். கருவிக்குள் கற்பனைக் கட்டடத்தில் ஏறிப் பழகியவர்களுக்குப் பயம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நம் ஏரியாவில் நிஜ மாடிக்கும் பாலத்துக்கும் பஞ்சமில்லை, இலவசமும்கூட.

தேரடி_வாத்தியார்:

அந்த வரிசையின் கடைசியில் திருத்தணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரம்பூரில் ஏறினால் நேராக மின்சார ரயில். 365 படி. டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு திருப்புகழ் பாடித்தான் அடுத்த படிக்குப் போவார்கள். ஏறும் அவசரமே இருக்காது. செவிலியர் மகள் சொல்லும் சிகிச்சையை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன் என்று தோன்றுகிறது. எந்த மதத்தவராக இருந்தாலும், படியில் நின்று நின்று ஏறுங்கள்.

எட்டாவது_மாடி_அக்கா:

சுவரை மகளை வைத்து அளந்தேன், ஒரு மீட்டருக்குமேல் இருக்கிறது. அதை எண்ணாகத் தெரிந்துகொண்டதே ஒரு பிடிமானம். இரண்டாவது மாடியில் நிற்கிறேன். அங்கே குடியிருக்கும் பாட்டி முதலில் யாரோ என்று பார்த்தார், காரணம் சொன்னதும் நாற்காலி கொண்டுவந்து போட்டுக் கூட உட்கார்ந்துகொண்டார். முதல் தடவை ஏழு, எட்டு மதிப்பெண் என்று ஏறிய பயம் பேச்சு முடியும்போது மூன்றுக்கு வந்திருந்தது. இப்போது அங்கே சுவரில் கை வைத்துக் கீழே தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட முடிகிறது. எட்டாவது மாடி இன்னும் ஒன்பது மதிப்பெண்தான். பால்கனிக்கு நான் இன்னும் போகவில்லை.

ராயபுரம்_ரயில்:

சகோதரி, மொட்டை மாடி யோசனையை மறந்துவிடுங்கள். என் நண்பனிடம் நேற்று கேட்டேன், இன்றைக்கும் அவன் மூன்றாவது மாடிக்குமேல் வீடு பார்ப்பதில்லையாம். இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதே இல்லை.

சாரம்_கட்றவன்:

அக்கா, பால்கனிக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சின்னப் புள்ளைங்க இருந்தா பால்கனியில ஸ்டூலு, தண்ணி டிரம்மு, செடித்தொட்டி எதுவும் சுவத்தோரம் போடாத. ஏறி நின்னா ஒரு மீட்டரு சுவரு ஒண்ணும் இல்லாம போயிடும். உனக்கு பயம் போவணும், அதுங்களுக்கு எச்சரிக்கை இருக்கணும்.

காசிமேட்டு_அலை:

அத்தையிடம் பேசிவிட்டேன். "முயற்சி பண்றேன், ஆனா நீ பின்னாடி நின்னு தள்ளக்கூடாது" என்றார். எங்கே ஆரம்பிப்பது?

எட்டாவது_மாடி_அக்கா:

தம்பி, முதலில் அவரிடமே கேளுங்கள், பயம் எந்தப் படியிலிருந்து ஆரம்பிக்கிறது என்று. சந்து தெரியாத கான்கிரீட் படி உள்ள பாலம் ஒன்றில் தொடங்குங்கள், உயரம் குறைவாக இருந்தால் நல்லது. கூட்ட நேரம் வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். கைப்பிடி ஓரமாக ஏறட்டும், கண் கைப்பிடியில் இருக்கட்டும். நடுவில் நிற்கவேண்டும் என்றால் நிற்கட்டும், திரும்பி இறங்க மட்டும் பயம் தணிந்த பிறகு. நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே, பக்கவாட்டில் நில்லுங்கள். வீட்டுக்காரருக்கு சனிக்கிழமை அரைநாள்தான் வேலை, பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார். அத்தைக்குச் சம்மதம் என்றால் நானும் வருகிறேன். எனக்கும் அந்தப் பாலம் ஆறு மதிப்பெண்.

காசிமேட்டு_அலை:

சம்மதமாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணி, கூட்டம் இருக்காது. டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்கிறோம். அத்தை நீலப் புடவை கட்டி வருவார்.